ஒரு புள்ளி போதும்

பால் பொங்கி அடுப்பில் கருகிய வாடையும், சூடேறிய ரேடியோவின் தோல் உறை வாடையும் சேர்ந்தால்தான் எனக்குக் கால்பந்து. கேரள எல்லை மலையடிவாரத்துக் கோம்பையில் எங்கள் தெருமுனையில் டீக்கடை வைத்திருந்த பெருமாள் அண்ணன், நாட்டின் பெரிய லீக்கில் கேரளத்து அணி ஆடும் நாட்களில் ரேடியோவை மலைப்பக்கம் திருப்பி வைத்து மலையாள வர்ணனையைப் பிடிப்பார். மலைமேல் ஏலக்காய்த் தோட்டத்துக்கு ஜீப்பில் போய்வருகிற சனம் என்பதால் எங்கள் தெருவுக்கு அந்த மலையாளம் ஓரளவு புரியும். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டு, அம்மாவுடன் காய் பறிக்கப் போய்க்கொண்டிருந்த எனக்கும் புரியும்.

அந்த அணியை ‘நம்ம டீம்’ என்று நாங்கள் கொண்டாடியதற்கு ஒரே காரணம், அதன் கோல்கீப்பர் எப்போதோ காரில் போகும்போது அண்ணன் கடையில் டீ குடித்தாராம்.

“எந்தக் கிளாஸ்ல குடிச்சாக?” என்று கேட்டால், அண்ணன் அசராமல், “எல்லாத்துலயுந்தான்” என்பார்.

அந்தப் பருவத்தின் கடைசி ஆட்டத்தன்று காய்ச்சலால் நான் மலைக்குப் போகவில்லை. அண்ணன் உள்ளே வடை சுட்டுக்கொண்டிருக்க, ரேடியோ முன்னால் நான் மட்டும்தான் இருந்தேன். ஜெயிக்க வேண்டியதில்லை, சமன் செய்தாலே ஒரு புள்ளி கிடைக்கும், அதில் கோப்பை நமக்கு என்றார் வர்ணனையாளர். பிறகுதான் அம்மாவையும் மற்றவர்களையும் ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையிலிருந்து இறங்கின. டிரைவர் ராசு மாமா நீளமான சரவெடி ஒன்றைக் கடை வாசல் வேப்பங்கிளையில் தொங்கவிட்டார்.

ஒரு கோல்கூட விழாமல் ஆட்டம் முடிந்தது. எங்கள் ஊர்ப் போட்டிகளில் யாராவது ஜெயிக்கும்வரை விடமாட்டார்கள், இருட்டிவிட்டால் பூவா தலையா போட்டாவது முடிப்பார்கள். ஆகவே ஜெயிக்காதவர்கள் தோற்றவர்கள்தான்.

“கப்பு போச்சுடா!” என்று அண்ணன் ரேடியோவைப் பட்டென்று அணைத்தார். வெடியை அவிழ்க்க முக்காலி தேடிப் போனார் மாமா. கூட்டம் கலையத் தொடங்கியது.

எனக்கு மட்டும் விஷயம் தெரியும். ஆனால் நாலு பேர் முன்னால் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பள்ளியில் வாத்தியார் என் பெயரைக் கேட்டாலே வாசலைப் பார்த்தவன் நான். இப்படியே விட்டால் தெரு முழுக்கத் தோற்ற முகத்தோடு வீட்டுக்குப் போய்விடும். அடுப்பிலிருந்து ஒரு கொள்ளியை எடுத்துச் சரத்தின் நுனியில் வைத்துவிட்டேன்.

போனவர்களெல்லாம் திரும்பி ஓடிவந்தார்கள். “ஏலே, தோத்ததுக்கா வெடி போடுறே?” என்று மாமா என் காதைத் திருகினார்.

வலியில் வாய் திறந்துகொண்டது. “தோக்கல மாமா! சமமானாப் போதும்! ஒரு புள்ளி போதும்! கப்பு நம்மளுக்குத்தான்!”

“எவன்டா சொன்னது?”

“ரேடியோவுலதான் சொன்னாக!”

அண்ணன் பாய்ந்து ரேடியோவைத் திருகினார். கோப்பை வாங்குகிற ஆரவாரம் கடையை நிறைத்தது. அம்மாதான் முதலில் சிரித்தாள். “ஆத்தா, எம்புள்ளைக்கு வாயிருக்கு!”

வெடி தீர்ந்துபோனதால் ஜீப்பின் பானெட்டில் தாளம் போட்டார்கள். மாமாவும் என்னைத் தோளில் வைத்துக்கொண்டு தன் வண்டியையே அடித்தார்.

இப்போது அந்தக் கடையும் இல்லை, ரேடியோவும் இல்லை. என் மகன் கைபேசியில் லீக் பார்க்கிறான். கோல் விழும்போதே புள்ளிப் பட்டியல் தானாக ஏறி இறங்குகிறது.

“இப்ப எத்தனாவது எடத்துல நிக்கிறாக?” என்றால், “எல்லாம் இதுலயே வருதுப்பா” என்கிறான்.

நல்லதுதான். ஆனால் ஒரு தெருவுக்கே நல்ல சேதி சொல்லும் வாய்ப்பு அவனுக்குக் கிடைக்காது. எனக்கு ஒருமுறை கிடைத்தது, காது சிவந்ததோடு சரி.