நான் கூட்டிய இரண்டரை மணி நேரம்

நம் நாட்டுக் கடிகாரங்களை அரை மணி முன்னால் தள்ளி வைத்த ஆண்டு அது. கேமரன் மலையில் ஒரு தேயிலைத் தோட்டத்தில் நான் கணக்கெழுதும் கிராணியாக இருந்தேன். சென்னையில் படித்துக்கொண்டிருந்த என் மகள் முதல் விடுமுறைக்கு விமானத்தில் தனியாக வந்துகொண்டிருந்தாள்.

காலை பத்துக்குப் புறப்பட்டு மாலை நாலரைக்கு சுபாங் விமான நிலையத்தில் இறங்கும் என்று சீட்டைப் பார்த்து எழுதியிருந்தாள். நாலரை என்பது சென்னை நேரம் என்று நானே முடிவு செய்து, புது அரை மணியோடு சேர்ந்த இரண்டரை மணி வித்தியாசத்தைக் கூட்டி, நமக்கு ஏழு மணி என்று குறித்துக்கொண்டேன்.

தானா ராத்தா டவுனில் பிடித்த வாடகைக் காரின் டிரைவர் மலை இறங்கும்போதே கேட்டார்.

"ஐயா, மெட்ராசுக்கு நாலு மணி நேரந்தானே சொல்வாங்க? உங்க கணக்குல ஆறரை மணி நேரம் பறக்குதே. வழியில டீ குடிக்க நிப்பாட்டுவானா?"

"ஆயிரத்து அறுநூறு மைல் தம்பி. அட்லஸ்ல அளந்து பார்த்துட்டேன். நீ ரோட்டைப் பாருலா" என்றேன். மலையடிவாரத்துத் தாப்பாவில் நிறுத்தி நிதானமாகச் சாப்பிடவும் செய்தோம்.

ஆறரைக்கு சுபாங்கில் இறங்கினோம். அரை மணி முன்னதாகவே வந்துவிட்ட திருப்தியோடு உள்ளே போனேன். அந்த விமானம் நாலரைக்கே வந்துவிட்டதாகப் பலகையில் இருந்தது. சீட்டில் போடுவது இறங்கும் ஊரின் நேரம் என்பது அப்போதுதான் உறைத்தது.

மகளைக் காணவில்லை. கூடம் முழுக்கப் பெயர் சொல்லிக் கத்தினேன். கூட்டிப் பெருக்கும் அம்மா ஒருவர் வந்து, "அந்தத் தோட்டத்துப் பிள்ளையோட அப்பாவா?" என்று கேட்டு, பணியாளர் அறைக்கு அழைத்துப் போனார். மூலையில் உட்கார்ந்திருந்தாள். சட்டைக் கை கிழிந்திருந்தது.

"அப்பாவுக்கு உடம்பு முடியல, என்னைக் கூட்டிட்டு வரச் சொன்னாரு" என்று ஒருவன் அவளைத் தன் காருக்கு அழைத்திருக்கிறான். அவள் பெயர், என் பெயர், தோட்டத்தின் பெயர் எல்லாம் சரியாகச் சொன்னானாம். அவள் பெட்டியின் மேல் வெள்ளைச் சாயத்தில் அத்தனையையும் கொட்டை எழுத்தில் எழுதிக் கொடுத்தவன் நான்தான். பெட்டி ஏறிவிட்டது. அவளும் ஒரு காலை உள்ளே வைத்துவிட்டாள். இந்த அம்மா ஓடிப்போய்க் கையைப் பிடித்து வெளியே இழுத்திருக்கிறார். கார் பெட்டியோடு பறந்துவிட்டது.

நான் கைகூப்பினேன்.

"கும்பிடறது இருக்கட்டும்லா. ரெண்டு மணி நேரம் பொம்பளப் பிள்ள ஒத்தையா நின்னுச்சு. எங்க போனீங்க?" பிறகு குரலைத் தாழ்த்தி, "அதே ஆளுதான் போன வாரம் இன்னொரு பொண்ணை இப்படிப் பேசிக் கூட்டிட்டுப் போனான். சொந்தக்காரன்னு நெனச்சுட்டேன்" என்றார்.

 திரும்பி மலை ஏறும்போது மகள் மெல்லக் கேட்டாள்.

"அந்தப் பொண்ணு என்னப்பா ஆயிருப்பா?"

என் மகள் தப்பித்த நாள் என்று அதை நினைத்து ஆறுதலடையப் பார்க்கிறேன். அந்தப் பெண்ணுக்கும் ஒரு தகப்பன் எங்கோ மணி பார்த்துக்கொண்டிருந்திருப்பான் என்ற நினைப்பு வந்து, இன்றுவரை என்னை ஆறவிடுவதில்லை.