எறியாத கடைசிக் கல்

கல்லுக்கு முன்னால் ஐஸைத் தேய்த்துக்கொண்டே வந்தவள் துடைப்பத்தைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டாள். கல் மட்டும் ஐஸ் மேல் தனியாக வந்தது. காவலுக்கு நின்ற கல்லைச் சுற்றி வளைந்து, வட்டத்தின் நடுவில் அமர்ந்தது. கண்ணாடிக்குப் பின்னால் இருந்தவர்கள் கைதட்டினார்கள்.

"பட்டுடுச்சு," என்றாள் ட்ரீனா. "என் துடைப்பம் கல்லுல பட்டுடுச்சு."

யாரும் பார்த்திருக்கவில்லை. அவளுக்கு எதிரில் தேய்த்து வந்தவள்கூடப் பார்க்கவில்லை. மாகாண இறுதி ஆட்டம், கடைசிச் சுற்று, இரண்டு அணியும் சமம். அவள் பேசாமல் இருந்திருந்தால் பட்டம் அநேகமாக அவர்களுக்குத்தான். ஆனால் ஐஸ் மேல் கல்லைச் சறுக்கிவிட்டு ஆடும் எங்கள் கர்லிங் ஆட்டத்தில் பட்டவளே சொல்ல வேண்டும். அந்தக் கல்லை என்ன செய்வது என்று எதிரணியின் தலைவி, அதாவது ஸ்கிப், முடிவு செய்வாள். எதிரணியின் ஸ்கிப் ட்ரீனாவின் அம்மா, மர்னா டீசன்.

நான் மர்னாவின் அணியில் மூன்றாம் ஆட்டக்காரி. அவள் கல் எறியும்போது மறுமுனையில் துடைப்பத்தை ஊன்றிக் குறி காட்டுவேன். மற்ற நேரமெல்லாம் அந்த முனையில் நிற்பவள் அவள்தான். நாங்கள் மூவரும் கல்லோடு பேசிச் சிரித்துக்கொண்டு வருவோம். எப்படித் தேய்ப்பது என்று அவள் தனியாக நின்று கத்துவாள். பத்தொன்பது வயதில், அக்காவின் காலணியைப் போட்டுக்கொண்டு கனடாவில் எங்கள் சஸ்காட்செவன் மாகாணத்தின் பட்டத்தை வென்றாள். பிறகு இன்னும் மூன்று முறை. நாட்டுப் பட்டம் ஒரு முறை. நடுவில் ஆட்களை மாற்றிக்கொண்டே இருந்தாள். ஏப்ரலில், ஆட்டப் பருவம் முடிந்து ஐஸை உருகவிட்ட வாரத்தில், போன் வரும். "இந்த வருஷம் நீ ரொம்ப உதவியா இருந்தம்மா" என்று ஆரம்பித்தால் வேறு அணி தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

மகள் கேட்டபோதும் அப்படித்தான். அடுப்பில் பெரோகிக் கொழுக்கட்டை வெந்துகொண்டிருந்தபோது, அம்மாவின் அணியில் முதல் ஆட்டக்காரியாக வரட்டுமா என்று ட்ரீனா கேட்டிருக்கிறாள். இன்னும் இரண்டு வருஷம் போகட்டும் என்றாள் மர்னா. அந்த வாரமே இன்னொரு அணியின் ஸ்கிப் ஜோலீன் கோவல் அவளைத் தன் அணியில் சேர்த்துக்கொண்டாள். ஜோலீன் பெரிதாக எதையும் வென்றவள் அல்ல. அதுவரை மர்னா அவளை ஒரு ஆளாகவே நினைத்ததில்லை.

அதன் பிறகு மர்னாவுக்கு வேறு நினைப்பே இல்லை. ஜோலீனின் அணி பயிற்சிக்கு வரும் நாளில் மேலே காபியோடு போய், கண்ணாடிக்கு முதுகைக் காட்டி உட்காருவாள். அப்படியும் எல்லாம் அவளுக்குத் தெரிந்திருக்கும். ட்ரீனா இப்போது ஜோலீன் மாதிரியே இடது கையால் கல்லின் அடியைத் துடைக்கிறாளாம். முடியையும் அவள் மாதிரியே வெட்டிக்கொண்டாளாம்.

"வீட்ல உப்ப எடுன்னுகூட என்கிட்டப் பேசறதில்ல," என்றாள் ஒருநாள். "அவகிட்ட மட்டும் என்னடி அப்படி ஒரு சிரிப்பு?"

மாகாணத்தை வென்ற அணி நாட்டுப் போட்டிக்கு, ஆடும் நான்கு பேரோடு ஐந்தாவதாக ஒருத்தியைச் சேர்த்துக்கொள்ளலாம். ட்ரீனாவைக் கூட்டிப்போகப் போகிறேன் என்று குளிர்காலம் முழுக்க என்னிடம் சொன்னாள். தோற்ற அணியிலிருந்து, என்று அழுத்திச் சொல்வாள்.

இப்போது மர்னா குனிந்து கல்லைப் பார்த்தாள்.

"சும்மா உரசினதுதான்," என்றாள் எனக்கு மட்டும் கேட்கும்படி. "போற வழி மாறல. இருக்கட்டும். நான் அடிச்சு எடுத்துக்கறேன்."

ஆட்டத்தின் கடைசிக் கல் அவளிடம் பாக்கி இருந்தது. கஷ்டமான அடி. அவளால் முடியும்.

அதற்குள் கல்லை எறிந்த முனையிலிருந்து ஜோலீன் வந்துசேர்ந்தாள். ட்ரீனாவின் கழுத்தைச் சுற்றிக் கையைப் போட்டு, "சரியாச் செஞ்ச, கண்ணு," என்றாள். ட்ரீனா அவள் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

மர்னா அதைப் பார்த்தாள். காலால் கல்லை வட்டத்துக்கு வெளியே தள்ளினாள்.

அது போனதும் நடுவுக்கு மிகப் பக்கத்தில் இருந்தது எங்கள் கல்; பக்கத்தில் இருக்கும் கல்லுக்குத்தான் புள்ளி. மர்னா கடைசிக் கல்லை எறிய வேண்டிய தேவையே இல்லை. ஐந்தாவது பட்டம். கண்ணாடிக்குப் பின்னால் ஒருவரும் கைதட்டவில்லை. கைகுலுக்கும்போது ட்ரீனா மற்றவர்களைப் போலவே, "நல்ல ஆட்டம், மர்னா," என்றாள்.

வென்றவர்கள் தோற்றவர்களுக்குக் குடிக்க வாங்கித் தர வேண்டும். அதுவும் எதிரணியில் அவரவர் இடத்தில் ஆடியவருக்கு. எங்கள் முதல் ஆட்டக்காரி ட்ரீனாவுக்கு பீர் வாங்கினாள். மர்னா விஸ்கி வாங்கி ஜோலீன் முன்னால் வைத்தாள். ஜோலீன் நன்றி சொல்லிக் குடித்தாள். அவள் சண்டைக்கு வந்திருந்தால் மர்னாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும். பேச்சு சாலையைப் பற்றியும் வரப்போகும் புயலைப் பற்றியும் போய்க்கொண்டிருந்தது.

"ட்ரீனா, அஞ்சாவது ஆளா என்கூட வர்றியா?" என்றாள் மர்னா.

ட்ரீனா திரும்பி ஜோலீனைப் பார்த்தாள்.

"போயிட்டு வா கண்ணு," என்றாள் ஜோலீன். "உங்கம்மா ஆடறதப் பக்கத்துல இருந்து நல்லாப் பாத்துட்டு வா. அடுத்த வருஷம் நமக்கு உதவும்."

மேசையில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

"சரிம்மா, வர்றேன்," என்றாள் ட்ரீனா.

"வேணாம். ஆள் பாத்தாச்சு."

யாரையும் பார்க்கவில்லை என்பது எனக்குத் தெரியும். ட்ரீனா தலையை ஆட்டிவிட்டு பீரை எடுத்துக் குடித்தாள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. வெளியே கடும் குளிர். காலையில் மர்னா பக்கத்து ஊர் மெல்வாவுக்கு போன் செய்தாள். மெல்வா ஆடுவதை விட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. வருவதாகச் சொன்னாள். பிறகு மர்னா அணிச்சட்டைக்கு என் அளவு கேட்டு என்னைக் கூப்பிட்டாள். பேச்சுவாக்கில் வீட்டு விஷயமும் சொன்னாள். ட்ரீனா பதினோரு மணிக்கு எழுந்து சூப்பைச் சுடவைத்துக் குடித்தாள். வாசல் பனியை வாரித் தள்ளினாள். ஜோலீனின் வண்டி வந்ததும் ஏறிப் போனாள். மர்னா சூப் பாத்திரத்தைக் கழுவி வைத்தாள்.