எல்லைக்கல்லுக்கு வெளியே ஒரு ரொட்டிக்கடை

லிசில்லா பிறந்த வீடு இன்று இல்லை. ஏதென்ஸில் சந்தையும் சபையும் கூடும் திடலை அகலப்படுத்தியபோது இடித்த வீடுகளில் அதுவும் ஒன்று. அவள் அப்பா பானை வனைபவர். ஆட்கள் வந்து சுவரை இறக்கினார்கள். முற்றத்துக் கிணற்றை அவருடைய உடைந்த பானைகளாலேயே தூர்த்தார்கள். வீட்டின் மூலை இருந்த இடத்தில் ஒரு வெள்ளைக் கல்லை நட்டார்கள். ‘திடலின் எல்லை நான்’ என்று அதில் வெட்டியிருந்தது. கொலைப்பழி உள்ளவனும், பெற்றவர்களை அடித்தவனும், போரில் வரிசையை விட்டு ஓடியவனும் அந்தக் கல்லைத் தாண்டி உள்ளே வரக் கூடாது. நானும் லிசில்லாவும் அப்போது சிறுமிகள். கல்லின் மேல் ஏறிக் குதித்து விளையாடினோம்.

பிறகு லிசில்லா ஹெர்மோனுக்கு வாழ்க்கைப்பட்டாள். ஊருக்கு வெளியே கொஞ்சம் ஒலிவ மரங்கள் வைத்திருந்தான்; அதிகம் பேசமாட்டான். கல்யாணமான மறு வருஷம் பாரசீகர்கள் கடற்கரையில் வந்து இறங்கினார்கள். ஊர் ஆண்களோடு அவனும் போனான். நாங்கள் ஜெயித்தோம். ஹெர்மோன் கேடயம் இல்லாமல் திரும்பி வந்தான்.

விசாரணையில் அவன் எதையும் மறுக்கவில்லை. “கால் ஓடிச்சு. நானும் கூடவே போனேன்” என்றானாம். சிலர் சிரித்தார்களாம். அன்றிலிருந்து அவனுக்குத் திடலும் இல்லை, கோயிலும் இல்லை.

ஒலிவக்காயை விற்கவும் அவன் உள்ளே வர முடியாது. அதனால் லிசில்லா ரொட்டி சுட்டுக் கூடையோடு திடலுக்கு வந்தாள். நான் பூமாலை கட்டி விற்கிறவள். என் பக்கத்தில் உட்கார்ந்தாள். முதல் சில மாதம் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்கவில்லை. அப்புறம் வாய் திறந்தாள். அதன் பிறகு மீன்காரர்களே அவளிடம் பார்த்துத்தான் பேசுவார்கள்.

“என்ன லிசில்லா, உன் வீட்டுக்காரர் கேடயத்தைத் தேடிட்டு வந்துட்டாரா?” என்று ஒருவன் கேட்டான்.

“தேடிக்கிட்டுதான் இருக்காரு. உன் மீன் எப்ப செத்துச்சுன்னு நீ யோசிச்சுச் சொல்றதுக்குள்ள வந்துருவாரு.”

அவள் மகனுக்கு எட்டு வயதிருக்கும்போது பாரசீகர்கள் மறுபடி வந்தார்கள். ஊரைக் காலி செய்துவிட்டுப் படகேறினோம். அவர்கள் போன பிறகு திரும்பி வந்தபோது திடலே இல்லை. கூரைகள் எரிந்து, சுவர்கள் சாய்ந்து, எங்கே பார்த்தாலும் கரியும் இடிபாடும். எது திடல், எது தெரு, யார் வீடு எங்கே நின்றது என்றே தெரியவில்லை. கை கால் உள்ள எல்லோரும் இறங்கிக் கல் சுமந்தோம். ஹெர்மோனும் வந்தான். யாரும் எதுவும் சொல்லவில்லை. கவனித்தார்களா என்பதே சந்தேகம்.

அந்தக் குளிர்காலம் முழுக்க அவன் திடலுக்குள் எங்களோடு இருந்தான். மதியத்தில் அப்பாவும் மகனும் ஒரே கல்லில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். லிசில்லா ரொட்டியைப் பிட்டு இருவருக்கும் கொடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டு நிற்பாள்.

ஒரு நாள் அடுப்புக்கு அடியில் வைக்க ஒரு தட்டைக் கல் வேண்டும் என்று நானும் அவளும் இடிபாட்டைக் கிளறினோம். ஒரு வெள்ளைக் கல் குப்புறக் கிடந்தது. புரட்டினோம். எனக்கு வாசிக்கத் தெரியாது, அவளுக்கும் தெரியாது. ஆனாலும் அது எந்தக் கல் என்று இருவருக்கும் தெரிந்தது.

“திரும்பக் கவுத்துடு ஃபிலின்னா” என்றாள் லிசில்லா. “அடுப்புக்கு இது சரியா இருக்கும்.”

ஹெர்மோன் மண்கூடையோடு பின்னால் நின்றிருந்தான். கூடையை இறக்கி வைத்தான்.

“இது நின்ன இடம் உனக்குத் தெரியும்ல?”

“தெரியாது.”

“உங்கப்பன் வீட்டு மூலை உனக்குத் தெரியாதா?”

“ஊரே எரிஞ்சு கெடக்கு. எவன்யா இதைக் கேக்கப் போறான்?”

“இன்னைக்கு எவனும் கேக்கமாட்டான். நாலு செவரு எழும்பட்டும், கேப்பான். அப்ப எம்புள்ள பாக்க என்னைய இழுத்து வெளிய தள்ளுவான். அதுக்கு நானே போயிடறேன்.”

“போய்யா, போ. ஓடறதுதான் உனக்கு நல்லா வருமே.”

சொன்ன பிறகு அவள் முகம் வெளுத்துப்போனது. அவன் கோபப்படவில்லை. “இந்தத் தடவ நடந்துதான் போறேன்” என்றான்.

அவள் போய் ஓரிடத்தில் காலால் மண்ணைத் தள்ளிக் காட்டினாள். அவள் வீட்டு முற்றத்தில் தூர்த்த கிணற்றின் வாய்க்கல் கொஞ்சம் தெரிந்தது. அதை வைத்து மூலையைக் கண்டுபிடித்தோம். ஹெர்மோன் குழி தோண்டிக் கல்லை நிறுத்தி, மண்ணைக் கெட்டித்துவிட்டு, வெளிப் பக்கமாக எழுந்து நின்றான். லிசில்லா பல நாள் அவனோடு பேசவில்லை.

ஆனால் சந்தை மறுபடி கூடியபோது அவள் என் பக்கத்தில் உட்காரவில்லை. கூடையைத் தூக்கிக்கொண்டு போய்க் கல்லுக்கு அந்தப் பக்கம், தெருவோரம் கடை போட்டாள். வியாபாரம் பாதியானது. ஹெர்மோன் விறகு பிளந்து கொடுப்பான், ரொட்டியை அடுக்குவான். வாங்க வருகிறவர்களிடம் அவன் பேசப் பழகியதே அங்கேதான்.

சில வருஷம் கழித்துத் திடலில் நிழலுக்காக மரக்கன்றுகள் நட்டார்கள். முதல் கோடையிலேயே வாடத் தொடங்கின. ஹெர்மோன் ஓடையிலிருந்து குடம் குடமாகத் தண்ணீர் கொண்டுவந்து கல்லருகே வைப்பான். நானோ லிசில்லாவோ எடுத்துப் போய் ஊற்றுவோம். அவனை யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. ஏன் செய்கிறாய் என்று நான் ஒரு முறை கேட்டேன்.

“ஒலிவ மரம் வளத்தவன்மா நான். காயிற மரத்தைப் பாத்துக்கிட்டு உக்கார முடியல.”

மரங்கள் தலைக்கு மேல் வளர்ந்த பிறகு ஒரு குளிர்காலத்தில் இருமல் கண்டு இறந்துபோனான். அவன் மேல் இருந்த தடையை யாரும் எடுக்கவில்லை. எடுக்கச் சொல்லி அவனும் கேட்கவில்லை.

சந்தை அதிகாரி லிசில்லாவிடம் வந்து, மரத்தடியில் ஓரிடம் காலியாக இருக்கிறது, வருகிறாயா என்று கேட்டார். அவள் மறுப்பாள் என்றுதான் நினைத்தேன். அன்று மாலையே கூடையோடு வந்துவிட்டாள்.

“தனியா அங்க உக்காந்து என்ன பண்ண? வெயிலு வேற” என்றாள்.

இப்போது மரத்தடியில் ஊர் விவகாரம் பேசுகிறவர்கள் கூடுகிறார்கள். சட்டம் என்கிறார்கள், நீதி என்கிறார்கள். குரல் உயர உயரக் கூடைமேல் சாய்கிறார்கள். லிசில்லா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டிருப்பாள். பிறகு, “பேசறது பேசுங்க, ரொட்டிய நசுக்காதீங்க” என்று கூடையைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்வாள்.