பழைய பேட்டரி

பிரேக் டான்ஸ் வந்த புதிதில், நானும் முருகனும் ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் ஆடிப் பழகினோம். பாட்டும் டேப்ரிக்கார்டரும் என் பொறுப்பு. பேட்டரி இறங்க இறங்கப் பாட்டு மெதுவாக ஓடியது. என் காலுக்கு அந்த வேகம்தான் வந்தது.

"ஏலே, பாட்டு இழுவையா இருக்கே, பேட்டரிய மாத்துவமா?" என்றான் முருகன்.

"அந்தப் பாட்டே அப்படித்தான்டா" என்றேன்.

கூடலூர்த் திருவிழாப் போட்டியில், கரண்டில் ஓடிய அதே பாட்டு தன் நிஜ வேகத்தில் பாய்ந்தது. எனக்குக் கால் பின்னியது. நான் மோதியதில் முருகன் மேடையில் குப்புற விழுந்தான். கூட்டம் ஊளையிட்டது.

இறங்கியதும், "நாந்தான்டா தாளத்த விட்டுட்டேன், மன்னிச்சிரு" என்றான்.

"சரி, விடு" என்றேன்.

அதற்குப் பிறகு அவன் ஆடவே இல்லை. தோற்றது எனக்கு மறந்துவிட்டது. அவனை நான் மன்னித்ததுதான் இன்றும் கசக்கிறது.