சோளப்பானை ஏறிய பக்கத்து வாசல்

“பதினெட்டு வருசம் நின்ன மூலைடா! ஒரே கடுதாசில காலி பண்ணிட்டானே, அந்த இஸ்திரிச் சட்டைக்காரன்!”

ஒப்துலியா அக்கா இதை ரொட்டிக்கடையில் ஒருமுறை, பஸ்ஸில் ஒருமுறை, ஞாயிறு பூசையில் நற்கருணை வாங்கப் போகும் வரிசையில் ஒருமுறை சொல்வாள். சாமியாருக்கே மனப்பாடம்.

இஸ்திரிச் சட்டைக்காரர் என்றால் ஃபவுஸ்தினோ. எங்கள் நார்வார்தே பேட்டையில் அக்காவின் மூலைக்கு எதிரே உணவகம் திறந்தவர். அக்காவின் சோள வண்டி தெருவின் அழகைக் கெடுக்கிறது என்று நகராட்சிக்கு எழுதிப் போட்டார். லாரி வந்து வண்டியை அள்ளிக்கொண்டு போனது. அடுத்த வாரமே அவருடைய பலகையில் ‘தெருச் சோளம்’. எட்டு மடங்கு விலை.

அக்கா ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தாள். கதிரும் இல்லை, அக்கா அதைச் செருகி மயோனைஸ் தடவித் தரும் குச்சியும் இல்லை. முத்துகளைச் சீவிக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, மேலே ஒரு தழை. உறைக்கிற மிளகாய்த் தூளா, உறைக்காத தூளா என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

“கேக்காமயே தூவுறான்டா!” என்றாள். அழுவாள் என்று பார்த்தால், சிரித்தாள்.

உணவகத்தை ஒட்டிய வீடு, செருப்புத் தைக்கும் எலியோதோரோவுடையது.

“தம்பி, சாயங்காலம் உன் வாசலைக் குடு. தெருவுலதான நிக்கக்கூடாது? வீட்டுக்குள்ள நிக்கிறேன்.”

“தினம் ரெண்டு கதிர் எனக்கு, அக்கா.”

“மூணு தின்னு. ஆவி மட்டும் அவன் மேசைப் பக்கம் போகணும்.”

போனது. யாராவது மெனுவை விரித்தால் போதும், அக்கா வாசலில் கொதிக்கும் சோளப் பானையைத் திறப்பாள். முதலில் ஒருவர் எழுந்து வந்தார், பிறகு மேசை மேசையாக வந்தார்கள். குச்சிக் கதிரோடு திரும்பி, ஃபவுஸ்தினோவின் வெள்ளை விரிப்பிலேயே மயோனைஸ் சொட்டினார்கள். மறுபடி வந்த நகராட்சிக்காரர்களுக்கு வீட்டுக்குள் அதிகாரம் இல்லை. ஆளுக்கொரு கதிர் வாங்கிக் கடித்துக்கொண்டே போனார்கள்.

மூன்றாம் வாரம் ஃபவுஸ்தினோவே வந்தார். குரலில் வெண்ணெய்.

“ஒப்துலியாம்மா, பேசாம நம்ம சமையலறைக்கே வந்துடுங்களேன். மாசச் சம்பளம், வெள்ளைத் தொப்பி…”

அக்கா கதிரைச் சீஸில் புரட்டிக்கொண்டே சொன்னாள்:

“வர்றேன் சார். முதல்ல உங்க நாற்காலியெல்லாம் உடைச்சு அடுப்புல வைங்க. இதை நின்னுக்கிட்டுத்தான் கடிக்கணும், மூக்குல அப்பணும், பஸ் வந்தா கையோட ஓடணும். உக்காந்து முள்கரண்டில குத்துறவனுக்கு நான் வேக வைக்கிறதில்ல. முடியாதா? அப்ப ஓரமா நில்லுங்க, வழிய மறைக்காதீங்க. பின்னால நிக்கிறது பூரா உங்க கடைக் கூட்டம்தான், பாவம், பசியோட வந்திருக்காங்க.”