கந்தசஷ்டி விரதத்தோடு ஓடிய அக்கா

நீர்வேலியில் வாழைத்தோட்டம் செய்துவந்த எங்கள் பெற்றோருக்கு மூத்த பிள்ளையாக அக்கா பிறந்தார். அக்காவின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டியில் உங்கள் கைக்கு வரும் இந்த நினைவு மலரில் அவரது பொறுமையைப் பற்றி எழுதுமாறு பெரியவர்கள் பணித்தார்கள். மன்னிக்க வேண்டும். அக்காவின் பொறுமையை நினைத்தால் எனக்குக் கோபந்தான் வருகிறது.

ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஓட்டமென்றால் அக்காதான். எண்பத்து மூன்று கலவரத்துக்குப் பிறகு எங்கள் பள்ளியில் விளையாட்டுப் போட்டிகள் நின்றுபோயின. காட்டுவதற்கு ஒரு சான்றிதழ்கூட இல்லாமல் பல்கலைக்கழகம் புகுந்தார். அங்கே பெண்களுக்கு வருடத்தில் ஒரேயொரு அணித் தெரிவுப் போட்டி. அதையும் கந்தசஷ்டியின் ஐந்தாம் நாள் வைத்தார் விளையாட்டுப் பொறுப்பாளர். நெற்றி நிறையத் திருநீறு பூசுகிறவர். அவர் வீட்டுப் பெண்களும் அன்று விரதம் இருந்திருப்பார்கள். அது அவருக்கு நினைவு வரவில்லை.

அந்த வருடம் நான் படையினரிடம் பிடிபட்டிருந்தேன். நான் உயிரோடு திரும்ப வேண்டுமென்று அக்கா ஆறு நாளும் தண்ணீர் மட்டும் குடித்து விரதம் பிடித்தார். பொறுப்பாளரிடம் போய்க் கேட்டிருக்கிறார்:

"அடுத்த கிழமை வைக்கேலாதோ சேர்? எங்களிலை கனபேர் விரதம்."

"ஒருநாள் விட்டால் முருகன் கோவிக்கமாட்டார், பிள்ளை."

"தம்பிக்காகப் பிடிக்கிறன் சேர். விடேலாது."

"அப்ப உம்மடை விருப்பம்."

ஆண்களின் கிரிக்கெட்டை மழைக்காகத் தள்ளிவைத்த மனிதர்தான் இவர்.

அக்கா விரதத்தோடு ஓடினார். எண்ணூறு மீற்றரில் முதற் சுற்று முழுவதும் அவரே முன்னால். இரண்டாம் சுற்றில் கண் இருண்டு நிலத்தில் குந்திவிட்டார். உடம்பில் பலமில்லை என்று பெயரை வெட்டினார்கள். தினமும் எதிர்காற்றில் சைக்கிள் மிதித்துப் படிக்கப் போய், மாலையில் வாழைக்குத் தண்ணீர் கட்டிய உடம்பு அது. விரதம் முடித்து மறு கிழமை, "ஒருக்கால் பாருங்கோ சேர்" என்று கேட்டு, மைதானத்தில் தனியே ஓடிக் காட்டினார். பொறுப்பாளர் தேநீர்க் கோப்பையோடு யாருடனோ கதைத்துக்கொண்டு நின்றாராம். திரும்பிப் பார்க்கவில்லை. நான் விடுதலையாகி வந்தபின் அக்காவின் தோழி சொல்லித்தான் இவ்வளவும் எனக்குத் தெரியும். அக்கா வாயே திறக்கவில்லை.

பிறகு பண்டத்தரிப்பில் ஆசிரியையானார். தன் மாணவிகள் எல்லோரையும் ஒருவர் விடாமல் ஓடவைத்துத்தான் அணியைத் தெரிவுசெய்வார். சென்ற மாதம் நெருப்புக்காய்ச்சல் என்கிற தைபோயிட் அவரைக் கொண்டுபோய்விட்டது.

செத்தவீட்டில் அந்தத் தோழி அக்காவின் ஓட்டத்தைப் பற்றிப் பேசினார். பொறுப்பாளரும் வந்திருந்தார். "இப்பிடி ஒரு திறமை இருந்தது எங்களுக்குத் தெரியாமல் போச்சு" என்று இரங்கலுரையில் சொன்னார். தெரியாமல் போகவில்லை ஐயா. உங்கள் கண்முன்னால்தான் ஓடியது.

பெற்றோல் தடையால் மண்ணெண்ணெயில் ஓடும் வாகனத்தில் அக்காவை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுசென்ற அயலவருக்கும், மருந்தில்லாத வாட்டில் கண்விழித்துப் பார்த்த தாதியருக்கும், எங்கள் வீட்டில் அடுப்பு எரியாத நாட்களில் சோறு தந்த உறவுகளுக்கும் எங்கள் நன்றி. இரங்கலுரை ஆற்றியவருக்கும் நன்றி எழுதச் சொன்னார்கள். அக்காவும் எழுதத்தான் சொல்லியிருப்பார். அக்கா இல்லை. நான் எழுதமாட்டேன்.

தம்பி