எக்ஸ் போட்ட வரிகள்

அந்தக் காலையில் நான் அந்தப் பொத்தானை அழுத்தியது கோபத்தில்தான். வேறு காரணம் சொன்னால் பொய்.

வாழைச்சேனையில் ஒரு சிறிய கிராம அபிவிருத்திச் சங்கத்தின் அலுவலகத்தில் இருபது வருடமாகத் தட்டச்சு வேலை பார்க்கிறேன். எதிர் மேசையில் ஓட்டமாவடியைச் சேர்ந்த ஒரு தம்பி. கணினி, பிரிண்டர், இணையம் எல்லாவற்றுக்கும் அவர்தான் பொறுப்பு. என் கணினியில் விண்டோஸ். அவருடைய மடிக்கணினியில் லினக்ஸ். மூடியில் ஒரு பென்குயின் படம் ஒட்டியிருக்கும். அவர் முஸ்லிம், நான் மெதடிஸ்தக் கிறிஸ்தவள். சமயத்தைப் பற்றி எங்களுக்குள் ஒரு நாளும் வாய்த்தர்க்கம் வந்ததில்லை. கணினியைப் பற்றி வராத நாளில்லை.

மாதத்தில் இரண்டு மூன்று தடவை என் கணினி, பாதுகாப்புத் திருத்தம் வந்திருக்கிறது, நிறுத்தித் திரும்பத் தொடங்கவா என்று கேட்கும். நான் பிறகு, பிறகு என்று தள்ளிக்கொண்டே போவேன். அதைக் கண்டால் அவருக்கு வாய் சும்மா இருக்காது.

"அக்கா, உங்கட யன்னலுக்கு இண்டைக்கும் ஒட்டுப் போடணுமாம். இனி யன்னல் எங்க இரிக்கி, முழுக்க ஒட்டுத்தானே."

"ஏன், உங்கட குருவிக்கு ஒட்டு வாறல்லயோ?"

"வரும். கேட்டுட்டு வரும். வந்ததும் தெரியா, போனதும் தெரியா."

"ஓம் ஓம். அதாலதான் போன மாசம் ஒரு கடிதம் அச்சடிக்க ரெண்டு நாள் பிரிண்டரோட மாரடிச்சீங்க."

இந்தப் பகிடியில் ஒரு முள் இருந்தது. அதன் பெயர் பாமினி. அது பழைய தமிழ் எழுத்துரு. உள்ளே கிடப்பதெல்லாம் ஆங்கில எழுத்து. அந்த எழுத்துரு அதற்குத் தமிழ் முகம் கொடுக்கிறது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் முகம் போய்விடும். நான் அம்மா என்று அடித்தது அங்கே mk;kh என்று கிடக்கும். என் விரல்களுக்கு பாமினி மட்டும்தான் தெரியும், இருபது வருடப் பழக்கம். பாமினியை விட்டுவிட்டு யூனிகோடுக்கு மாறுங்கள் என்று அவர் சொல்வார். உங்கள் கணினியில் பாமினியைப் போடுங்கள் என்று நான் சொல்வேன். ஐந்து நிமிட வேலை. அவரும் செய்யவில்லை, நானும் மாறவில்லை. இரண்டு பேருக்கும் வீம்பு.

அவருடைய மனைவியை மூன்றாவது பிரசவத்துக்காக மட்டக்களப்பில் வைத்தியசாலையில் சேர்த்திருந்தார்கள். அதற்காக அவர் லீவு போட்டுவிட்டுக் கிளம்பிய பின்னேரமும் என் கணினித் திரையைப் பார்த்துவிட்டுத்தான் போனார். மூன்று வாரத் திருத்தம் நிலுவையில் நின்றது.

"நான் வர முந்தி ஒட்டிப்போடுங்க அக்கா. இல்லாட்டி ஒரு நாளைக்குக் கள்ளன் உள்ளுக்க பூந்திருவான். பூந்து, உங்கட பாமினியப் பாத்துட்டு, பாவமெண்டு காசும் வெச்சிட்டுப் போவான்."

சங்கத் தலைவரும் பக்கத்தில் நின்றார். அவரும் சிரித்தார். எனக்கு அது சுருக்கென்று தைத்தது. வீட்டுக்குப் போய்ச் சமைக்கும்போதும் அதையே நினைத்துக் கறுவிக்கொண்டிருந்தேன். அடுத்த நாள் காலை எட்டரைக்கு அலுவலகத்தைத் திறந்தேன், கணினியைப் போட்டேன், அது கேட்டவுடன் "ஓம்" என்று அழுத்தினேன். வந்து பார்க்கட்டும், ஒரு ஒட்டும் மிச்சமில்லை என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் என் எண்ணம்.

தலைவர் கச்சேரிக்கு, மாவட்டச் செயலகத்துக்கு, போயிருந்தார். அலுவலகத்தில் நான் மட்டும். திரை நீலமாகி, திருத்தங்கள் சேர்க்கப்படுகின்றன, அணைக்க வேண்டாம் என்றது. பத்து வீதம். பதினெட்டு வீதம். தேநீர் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். இருபத்தேழில் நின்றபோது என் கைபேசி அடித்தது.

"அக்கா, கணினி ஓன்லதானே இரிக்கி?" தம்பியின் குரல். "ரத்தம் குடுக்கிற ஆக்கள்ட லிஸ்ட் வேணும். ஓ நெகட்டிவ். சுறுக்கா அக்கா."

"என்ன நடந்தது?"

"புள்ள சுகம். பொம்புளப் புள்ள. அவளுக்குத்தான் ரத்தம் நிக்குதில்ல. இரிந்த ஓ நெகட்டிவ் எல்லாத்தையும் ஏத்திட்டாங்க. வேற இடத்துல இரிந்தும் எடுக்க ஆள் அனுப்பியிரிக்காங்களாம். உங்களுக்குத் தெரிஞ்ச ஆக்கள் இரிந்தா உடனே கூப்புடுங்க எண்டு சொன்னாங்க."

அந்தப் பட்டியலை வைத்திருந்தவள் நான்தான். எங்கள் பகுதியில் இரத்தம் கொடுக்கச் சம்மதித்த எழுபதுக்கு மேற்பட்டவர்களின் இரத்த வகை, ஊர், பெயர், தொலைபேசி இலக்கம். அச்சுப் பிரதி ஒன்று எடுத்து வைக்கும்படி தலைவர் பல தடவை சொன்னார். எடுக்கவில்லை. பட்டியல் கணினிக்குள் இருந்தது, கணினி இருபத்தேழு வீதத்தில் நின்றது.

"தம்பி, இது திருத்தம் போட்டுக்கொண்டு இருக்கு."

"இப்பயா?"

"தானாத் தொடங்கிட்டு," என்றேன்.

நான் அழுத்தியதை நானே மறைத்தேன். அந்த நேரத்தில் அந்தப் பொய் எப்படி வாயில் வந்தது என்று இன்றைக்கும் எனக்கு வெட்கம். அதை அவரிடம் ஒப்புக்கொள்ள எனக்கு ஒரு மாதம் பிடித்தது.

நடுவில் அணைத்தால் கணினி எழும்பாமலே போகலாம் என்று எனக்கு ஆயிரம் தடவை சொன்னவர் அவர்தான். "அணைச்சிராதீங்க," என்றார். "வெள்ளிக்கிழமை கொப்பி பண்ணினது என்ட மடிக்கணினில இரிக்கி. கையோட கொண்டுவந்திரிக்கன், வெளிய வாங்குல குந்தி வெச்சிப் பாக்கிறன்." தொடர்பு அறுந்தது.

நான் திரையைப் பார்த்தபடி இருந்தேன். இருபத்தெட்டு. செபம் பண்ண முயன்றேன், சொல் வரவில்லை. அந்தப் பெண்ணை எனக்குத் தெரியும். நோன்புக் காலத்தில் என் வீட்டுக்குக் கஞ்சி அனுப்புபவள். இரண்டு சின்னப் பிள்ளைகள் வேறு. கிட்டத்தட்ட அரை மணித்தியாலத்துக்குப் பிறகு அவர் திரும்ப எடுத்தபோது முப்பத்தொரு வீதம்.

"பதினொரு பேருக்கு அடிச்சிட்டன் அக்கா. ஒருத்தருக்கும் இந்த ரத்தம் இல்ல. எழுத்து ஒண்டும் விளங்குதில்ல, பாமினியப் போட இங்க நெட்டும் இல்ல. நம்பர் மட்டும்தான் விளங்குது. ஒவ்வொருத்தருக்கா எடுத்து உங்கட ரத்தம் என்ன எண்டு கேக்கிறன். எக்ஸ் போட்ட ஆக்கள விட்டுட்டு மத்த ஆக்களுக்குத்தான் அடிக்கிறன்."

"எக்ஸா?"

"ஓம். சில வரிக்கு முன்னால எக்ஸ் போட்டு வெட்டியிரிக்கீங்கதானே. மவுத்தான ஆக்கள், வெளிநாடு போன ஆக்கள் எண்டு நினைச்சன்."

செத்தவர் என்று நான் யாரையும் வெட்டவில்லை. என் இடது கை தானாக மேசைக்குப் போனது. கீழ் வரிசை, மோதிர விரல். பாமினியில் அந்த இடத்தில் இருப்பது ஓ. இரத்த வகையைத்தான் நான் முதலில் அடித்திருந்தேன். எழுத்துருவைக் கழற்றிவிட்டால் ஓ வகைக்காரர் ஒவ்வொருவரின் தலையிலும் ஒரு எக்ஸ் நிற்கும். அவர் தேடிய ஆட்களை மட்டும் பொறுக்கி எடுத்து விட்டுவிட்டு, தேவையில்லாத பதினொரு பேருக்கு அடித்திருக்கிறார்.

"தம்பி, அது வெட்டினது இல்ல. எக்ஸ் எண்டா ஓ."



"யா அல்லாஹ்," என்றார் மெதுவாக.

"கேளுங்க. ஓ பொசிட்டிவுக்கும் எக்ஸ்தான் வரும். எக்ஸுக்குப் பிறகு என், ஜி எண்டு கிடந்தா பொசிட்டிவ், விடுங்க. என், ஈ எண்டு கிடந்தா நெகட்டிவ். அந்த வரிகள மட்டும் பாருங்க."

"மூணு வரி இரிக்கி."

"ஊரை வாசியுங்க. ஆர் ஆஸ்பத்திரிக்குக் கிட்ட இருக்கிறது எண்டு பாப்பம்."

என் கைபேசி பொத்தான் வைத்த பழசு. படம் அனுப்பவும் வழியில்லை. அவர் ஆங்கில எழுத்துகளை ஒவ்வொன்றாக வாசித்தார். நான் கைபேசியைத் தோளுக்கும் காதுக்கும் நடுவில் இடுக்கிக்கொண்டு வெறும் மேசையில் தட்டினேன். கண்ணால் எனக்கு அந்த எழுத்துகள் ஒன்றும் சொல்லாது. விரல் தட்டினால் மட்டும் தமிழ் வரும்.

"ஜி, டி, பி, ஆர்..."

"பனிச்சங்கேணி. தூரம். எண்டாலும் எடுங்க."

அவர் கையில் இன்னொருவருடைய கைபேசியும் இருந்தது. அதில் அடித்தார். மணி போய்க்கொண்டே இருந்தது எனக்கும் கேட்டது. அந்த மனிதர் வாவியில் வலையோடு நிற்கிற நேரம் அது. யாரும் எடுக்கவில்லை.

"அடுத்தது."

"எஃப், பி, யூ, எச், டி..."

"கிரான்."

அவர் எடுத்தார். வயல் வட்டைக்குள் நெல்வெட்டு மெஷின் ஓடும் இரைச்சலுக்கு நடுவே ஒருவர் கத்திப் பேசினார். கை கால் கழுவிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் உடனே வருவதாகச் சொன்னாராம். கிரானிலிருந்து மட்டக்களப்புக்கு, எப்படி ஓடினாலும் முக்கால் மணித்தியாலம். உள்ளேயிருந்து யாரோ தம்பியின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது கேட்டது. போனார், வந்தார். மூச்சு வாங்கியது.

"இன்னும் கேக்கிறாங்க அக்கா. அவள் பேசுறாள் இல்லையாம். மூணாவது வரி. கே, எல், பிறகு அந்தப் புள்ளி, எல், எஃப்..."

"மட்டக்களப்பு. டவுண்தான். பக்கத்தில. பேர வாசியுங்க, ஆரெண்டு பாப்பம்."

பேரை வாசிக்கத் தொடங்கினார். மூன்றாவது எழுத்தை மேசையில் தட்டிய விரல் அப்படியே நின்றுவிட்டது. மிச்சத்தை அவர் வாசித்துக்கொண்டு போனார், நான் தட்டவில்லை. தட்டத் தேவையில்லை.

அது என் அண்ணன். போன வருடம் நெஞ்சுவலியில் போய்விட்டான். வருடப் பிறப்பில் பட்டியலைத் திருத்தும்போது இறந்தவர்களின் வரிகளை நான்தான் எடுப்பேன். அவனுடைய வரிக்கு வந்தபோது என்னால் முடியவில்லை. அடுத்த முறை பார்ப்போம் என்று விட்டுவிட்டேன்.

"அத விடுங்க தம்பி."

"ஏன் அக்கா? டவுண் எண்டீங்களே."

"அவர் வரமாட்டார்."

"எக்ஸ் எண்டா ஓ எண்டு இப்பதானே சொன்னீங்க?" அவருடைய குரல் உடைந்தது. "என், ஈ இரிக்கி. நான் பாத்துத்தானே வாசிக்கிறன்."

செத்துப்போனான் என்கிற சொல் எனக்கு வரவில்லை. ஒரு சொல். அதைச் சொல்லியிருந்தால் அவர் அந்த வரியை விட்டிருப்பார். நான் வாயைத் திறப்பதற்குள் தொடர்பு அறுந்துவிட்டது.

திரும்ப எடுத்தேன். அவருடைய இலக்கம் வேலையில் இருந்தது. திரும்பவும் எடுத்தேன். அதேதான். பிறகு அணைந்தே போனது, சார்ஜ் முடிந்திருக்க வேண்டும். நாற்பது வீதம். ஐம்பத்திரண்டு. கணினி எப்போது முடித்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு கட்டத்துக்குப் பிறகு நான் திரையைப் பார்க்கவே இல்லை. அவள் இறந்துவிட்டாள் என்றே நினைத்தேன். என் ஒரு விரல் அழுத்தியதால் ஒரு தாய் இல்லாமல் போனாள் என்று நினைத்தேன். வாசலில் இரண்டு பேர் கடிதம் அடிக்க வந்தார்கள். நாளைக்கு வாருங்கள் என்று துரத்திவிட்டேன்.

பகல் ஒரு மணி தாண்டி என் கைபேசி அடித்தது. திரையில் "அண்ணன்" என்று விழுந்தது.

அந்தப் பெயரை நான் அழிக்கவில்லை. அந்த இலக்கத்தை அண்ணன் வீட்டில் இன்னும் வைத்திருக்கிறார்கள் என்பதும் எனக்குத் தெரியாது. ஒரு நாளும் எடுத்துப் பார்க்கத் துணிந்ததில்லை. காதில் வைத்தேன்.

"மாமி," என்றாள் அண்ணனின் மகள். அவள் டவுணில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறாள். "அப்பாட போனுக்கு ஒரு ஆள் எடுத்தார். பேரும் சொல்லத் தெரியல்ல அவருக்கு. ஐயா, நீங்க ஓ நெகட்டிவ்தானே, என்ட மனிசிக்கு ரத்தம் வேணும், வருவீங்களா எண்டு அழுதழுது கேக்கிறார். எனக்கும் அந்த ரத்தம்தானே. கடையில சொல்லிட்டு ஓடிப்போய்க் குடுத்தன். ஏத்திட்டாங்க. பின்னால கிரானில இருந்தும் ஒருத்தர் வந்தார். இனிப் பயமில்லையாம், கண் முழிச்சிட்டாவாம். உங்கட ஒபிஸ் ஆள் எண்டு பிறகுதான் தெரியும்."

நான் அழுதுகொண்டிருந்தேன்.

"மாமி, அப்பா இல்லை எண்டு நான் அவருக்குச் சொல்லல்ல. வருவார் எண்டுதான் சொன்னன்."